முதலில் நிழலைக் கட்டுவோம்

சித்திரை மாதத்து மதியம் திருநெல்வேலிக்குப் பக்கத்து அபிஷேகப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நடந்தவர்களுக்கு நான் சொல்ல வருவது சட்டென்று புரியும். ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்குப் போவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் நோட்டையும் துப்பட்டாவையும் தலைக்கு மேலே பிடித்தபடி அடுத்த வேப்பமரத்தைப் பார்த்து விரைவார்கள். வெயில் காலத்தில் அங்கே ஒரு ஆளை நிற்க வைப்பது நிழல் மட்டும்தான்.

இப்படி ஒரு வளாகத்தில் இன்றைய கலைக்கென்று ஓர் அருங்காட்சியகம் கட்டுவதானால் அது எந்த மாதிரிக் கட்டடமாக இருக்க வேண்டும்? நண்பர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. நான் கட்டடக்கலை படித்து, பாளையங்கோட்டையில் இருந்தபடி வீடுகளும் சில பள்ளிக் கட்டடங்களும் வரைந்து கட்டித் தருகிறவன். இது இன்றைக்கு ஆசைக் கணக்குதான். ஆனால் பணம் வந்த பிறகு யோசித்தால் யோசிக்க நேரம் இருக்காது, யாரோ கொண்டுவந்த படத்துக்குத் தலையாட்டிவிடுவோம். அதனால் இப்போதே ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

பழமைக்கு நம்மிடம் இடம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஆதிச்சநல்லூர், கொற்கை, சிவகளைப் பொருள்களுக்கென்று ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் எழுந்திருக்கிறது. இன்று வரைகிறவர்களுக்கும் சிற்பம் செய்கிறவர்களுக்கும்தான் சுவர் இல்லை. சில வருஷங்களுக்கு முன் நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு கல்லூரி அரங்கத்தில் நீர்வண்ணப் படங்களை மாட்டினோம். ஐப்பசி மாதம், அடைமழை. இரண்டே வாரத்தில் கண்ணாடிக்கு அடியில் தாளெல்லாம் பூசணம் பூத்துவிட்டது. மழை விட்ட நாள்களில் மேற்குச் சன்னல் வழியாகச் சாயங்கால வெயில் நேரே வந்து படத்தின் மேல் விழுந்தது. ஒரு பெண் மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்த படம், நீலம் வெளுத்துப் போய்த் திரும்பியது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

ஆகவே கட்டடத்தின் அழகைப் பேசுவதற்கு முன், படத்துக்கு என்ன வேண்டும் என்று பார்த்துவிடுவோம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; தாள், துணி, நீர்வண்ணம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும் என்பது அருங்காட்சியகங்களில் வழக்கமான கணக்கு. எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரை. நம் ஊர் உச்சிவெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் கட்டடத்தின் வேலை. ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அதைவிட முக்கியமாக, காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று என்று ஏறி இறங்கக் கூடாது. அப்புறம் நேரான, நீளமான, உயரமான சுவர். ஒரு லாரி பின்பக்கமாக வந்து நின்று பெட்டியை இறக்குகிற அளவுக்குக் கதவு. கடைசியாக, ஆள் வர வேண்டும். யாரும் வராத கலைக்கூடம் வெறும் கிட்டங்கி.

இந்தத் தேவைகளைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் வழிகளைப் பார்க்கலாம்.

முதல் வழி, கட்டடமே ஒரு சிற்பமாக நிற்பது. பஸ்ஸில் போகிறவன் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், செய்தித்தாளில் படம் வர வேண்டும். இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிராட் கலை அருங்காட்சியகம். ஜஹா ஹதீத் வடிவமைத்து 2012இல் திறந்தது. 46,000 சதுர அடி. எவர்சில்வர் தகடும் கண்ணாடியும் விசிறி மடிப்பு மாதிரி மடிந்து மடிந்து, சிவப்புச் செங்கல் கட்டடங்களுக்குப் பக்கத்தில் வேறொரு உலகத்திலிருந்து வந்து இறங்கினது போல நிற்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்து முன்னேறிய எலி பிராட்டும் அவர் மனைவியும் கொடுத்த பெரும் நன்கொடையில் எழுந்தது. அதில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது, அதை நாம் எடுத்துக்கொள்ளலாம்: வளாகத்தின் நடுவில் ஒளித்து வைக்காமல், ஊர்ச் சாலையைப் பார்த்தபடி ஓரத்தில் வைத்தார்கள். மாணவனுக்கும் ஊர்க்காரனுக்கும் அது பொது இடம். ஆனால் உள்ளே பல சுவர்கள் சாய்வானவை. சாய்ந்த சுவரில் படம் மாட்டுவது எப்படி என்பதைக் கண்காட்சி அமைக்கிறவர் ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்க வேண்டும்.

இதே வகையில் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது மினசோட்டா பல்கலைக்கழகத்தின் வைஸ்மன் அருங்காட்சியகம். பிராங்க் கேரி 1993இல் கட்டினது. மிசிசிப்பி ஆற்றைப் பார்த்த பக்கம் மட்டும் எவர்சில்வர் வளைவும் நெளிவும். வளாகத்தைப் பார்த்த பக்கம் அடக்கமான செங்கல். உள்ளே போனால் கூடங்கள் நேராக, மேலிருந்து வெளிச்சம் வருகிற மாதிரி அமைந்தவை. வேடிக்கையை வெளியே ஒரு பக்கத்தோடு நிறுத்திவிட்டு, உள்ளே படத்துக்கு மரியாதை கொடுத்த கட்டடம் அது.

சரி, இதை அபிஷேகப்பட்டியில் வைத்துப் பாருங்கள். அங்கே பனிக்காலம், சூரியன் கொஞ்ச நேரம் வந்தால் கொண்டாட்டம். இங்கே 38, 40 டிகிரி வெயிலில் பளபளக்கும் தகடு எதிரில் நடக்கிறவன் கண்ணைக் கூசவைக்கும், பக்கத்துக் கட்டடத்துச் சன்னலுக்குள் வெயிலைத் திருப்பி அனுப்பும். சூட்டில் நீண்டு, மழையில் சுருங்கி, இணைப்புகளில் போட்ட ரப்பர் சில வருஷத்தில் காய்ந்து வெடித்தால், கூட்டல் குறி மாதிரியும் பெருக்கல் குறி மாதிரியும் இருக்கிற அந்த மடிப்புகளில் ஒழுகும் இடத்தை எந்தக் கொத்தனாரால் கண்டுபிடிக்க முடியும்? ஒவ்வொரு தகடும் வெவ்வேறு அளவு. ஒன்று நசுங்கினால் அதற்கென்று ஆர்டர் கொடுத்து வரவழைக்க வேண்டும். கட்டுகிற பணத்தை யாராவது கொடுத்துவிடுவார்கள். இருபது வருஷம் பராமரிக்கிற பணத்தை யாரும் நன்கொடையாகத் தருவதில்லை. நான் கட்டின சாதாரணப் பள்ளிக் கட்டடத்திலேயே, மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயில் அடைத்த சருகை எடுக்க ஆள் கிடைக்காமல் கூரை ஊறிப்போனதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த வழிக்கு என் மனம் ஒப்பவில்லை.

இரண்டாவது வழிக்கு நம் ஊரில் ஆதரவு அதிகம். மரபுக் கட்டடம். 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் அமைந்தது, மக்கள் குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறார்கள், உள்ளே நுழையக் கூச்சப்படுவதில்லை. அது சின்ன விஷயம் இல்லை. கண்ணாடிக் கதவும் காவலாளியும் இருந்தால் வாசலிலேயே தயங்கி நிற்கும் நம் ஆத்தாமார், திண்ணையும் தூணும் இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு உரிமையோடு உள்ளே போவார்கள். நெல்லைக்கென்றே ஒரு வீட்டு வரிசை உண்டு: தெருவிலிருந்து திண்ணை, அப்புறம் தார்சா என்ற முன்பகுதி, அப்புறம் பட்டாசல் என்ற கூடம், உள்ளே முற்றம். வெயிலிலிருந்து இருட்டுக்குக் கண்ணைப் படிப்படியாகப் பழக்குகிற வரிசை அது. அருங்காட்சியகத்துக்கு இதைவிடப் பொருத்தமான நுழைவு ஒன்றை நானாக யோசித்தாலும் வராது. வெளியே ஒரு லட்சம் லக்ஸில் நடந்து வந்தவனை நேரே 50 லக்ஸ் அறைக்குள் தள்ளினால் அவனுக்குப் படமே தெரியாது.

ஆனால் அந்த வரிசையை எடுத்துக்கொள்வது வேறு, அந்த உருவத்தை வேஷமாகப் போடுவது வேறு. காங்கிரீட்டில் தூணை வார்த்து, அதற்கு மேல் தேக்கு நிறம் அடித்து, ஓடு மாதிரித் தெரிகிற ஷீட்டை ஒட்டினால் அது மரபு ஆகாது. வீட்டின் அறைகள் உத்தரக் கட்டையின் நீளத்துக்கு ஏற்ப அமைந்தவை, பத்துப் பன்னிரண்டு அடி அகலம். இன்றைய கலை அதற்குள் அடங்காது. இன்றைய கலையை விடுங்கள், நம் பழைய ஆட்களே அடங்கமாட்டார்கள். கோவில்பட்டி கொண்டையராஜுவை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு வீடு தொங்கிய காலண்டர் சாமிப் படங்களின் பெரிய கை அவர், நாடகத்துக்குத் திரைச்சீலை எழுதியவரும்கூட. மேடை அகலத்துக்கு எழுதின ஒரு திரைச்சீலையை விரித்து மாட்டுவதற்கு எந்தப் பட்டாசலில் இடம் இருக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் முன்னோர் படத்துக்காக ஓர் இடம் கட்டியபோது உருவத்தை நகலெடுத்தா கட்டினார்கள்? குற்றாலத்துச் சித்திரசபையைப் போய்ப் பாருங்கள். அங்கே கூத்தப்பெருமானே ஓவியமாக இருக்கிறார். கோயிலிலிருந்து தள்ளி, குளத்தின் கரையில், சுவர் முழுக்க ஓவியம் தீட்டுவதற்காகவே எழுப்பின மண்டபம். நம் சீமையின் முதல் ஓவியக்கூடம் என்று அதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. திருப்புடைமருதூர் கோபுரத்தின் உள் அடுக்குகளில் சுவரோவியமும் மரச் சிற்பமும் நிறைந்திருக்கின்றன. வெயில் நேரே நுழையாத இடம் என்பது அவற்றின் பாதுகாப்பில் ஒரு பங்கு. அவர்கள் வெளிச்சத்தைக் கணக்குப் பண்ணினார்கள். நாம் அவர்களிடமிருந்து எடுக்க வேண்டியது அந்தக் கணக்கைத்தான்.

மூன்றாவது, பழைய கட்டடம் ஒன்றைப் புதுப்பித்துக்கொள்வது. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், ஆனால் நமக்கு வாய்க்காது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கலை அருங்காட்சியகம் 1970இல் கட்டின கனத்த காங்கிரீட் கட்டடத்தில் இருந்தது. அது பூகம்பத்தைத் தாங்காது என்று தெரிந்த பிறகு, பல்கலைக்கழகத்தின் 1939ஆம் ஆண்டு அச்சகக் கட்டடத்தைத் திருத்தி, கொஞ்சம் புதிதாகச் சேர்த்து, 2016இல் அங்கே குடியேறினார்கள். ஐக்கிய நாடுகள் சாசனத்தின் பிரதிகள் அச்சான அச்சகம் அது. கொச்சியில் 2012 முதல் நடக்கும் பினாலே என்ற கலைத் திருவிழாவும் ஆஸ்பின்வால் ஹவுஸ் என்ற பழைய வணிகக் கிட்டங்கியை வைத்துத்தான் பெயர் வாங்கியது. நம் பக்கத்தில் விக்கிரமசிங்கபுரத்து ஆலைக் கட்டடங்கள் மாதிரி அழகான பழசு உண்டு. ஆனால் அவை பல்கலைக்கழக வளாகத்தில் இல்லை. அபிஷேகப்பட்டியில் இருப்பதெல்லாம் 1990க்குப் பிறகு வந்தவை. மாணவன் இரண்டு வகுப்புக்கு நடுவில் பத்து நிமிஷம் எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் இருந்தால் அதைப் பல்கலைக்கழக அருங்காட்சியகம் என்று சொல்வதில் அர்த்தம் இல்லை.

நிலத்துக்கு அடியில் கட்டலாம் என்றும் ஒரு நண்பர் சொல்வார். அகமதாபாத்தில் செப்ட் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைஞர் பி.வி. தோஷியும் ஓவியர் எம்.எஃப். ஹுசைனும் சேர்ந்து தொண்ணூறுகளில் உருவாக்கின குகை மாதிரியான ஓவியக்கூடத்தை நினைத்துச் சொல்கிறார். மெல்லிய சிமெண்ட் ஓடு, மேலே உடைந்த பீங்கான் சில்லுகள், உள்ளே குளுமை, அற்புதமான இடம். நான் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துக்கொள்கிறேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி ஊருக்குள் வந்த நாள்கள். படத்தை மண்ணுக்குக் கீழே வைக்க என் கை ஓடாது. அதோடு, அந்தக் குகைச் சுவரில் ஹுசைன் நேரடியாகவே வரைந்தார். மாறி மாறிக் கண்காட்சி வைப்பதற்கு அது தோது இல்லை.

இனி நான் முன்வைக்கும் வழி. பந்தல்.

கலிபோர்னியாவிலேயே டேவிஸ் என்ற ஊரில், நல்ல வெயில் அடிக்கும் சமவெளியில், இன்னொரு பல்கலைக்கழக அருங்காட்சியகம் இருக்கிறது. மனெட்டி ஷ்ரெம் என்று பெயர். 2016இல் திறந்தது. அதை வடிவமைத்த சோ-இல் நிறுவனத்தார் முதலில் 50,000 சதுர அடிக்கு ஒரு பெரிய மேற்கூரையைப் பரப்பினார்கள், துளையிட்ட அலுமினிய உத்தரங்களால். அதற்குக் கீழே ஓரளவு இடத்தில்தான் சுவர் வைத்த கூடங்களும் வகுப்பறைகளும். மீதி எல்லாம் நிழல், திறந்தவெளி. கூரையின் அளவு உள்ளே இருக்கும் கட்டடத்தைவிட மிகப் பெரியது. அதன் படத்தை முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தோன்றினது, இது நம் கல்யாண வீட்டு வாசல் அல்லவா என்றுதான். முதல் நாள் ராத்திரியே பந்தல்காரர் வந்து தெருவை மறித்துக் கிடுகு வேய்ந்துவிடுவார். விடியும்போது தெருவுக்கு ஒரு கூடம் கிடைத்துவிடும். வீட்டுக்குள் நடப்பது நடக்கட்டும், ஊர் உட்காருவது பந்தலில்.

நமக்கு இது எப்படி வேலை செய்யும் என்று விவரமாகச் சொல்கிறேன். வெயிலை முதலில் வாங்குவது மேல் கூரை. அதற்கும் கீழே இருக்கும் அறைகளின் மேல்தளத்துக்கும் நடுவில் எட்டுப் பத்து அடி இடைவெளி. அந்த இடைவெளியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கும், சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் அறைகளின் மேல்தளமும் சுவரும் நேர்வெயிலைக் காணாது. உள்ளே ஏசி போட்டாலும் அது போராட வேண்டியதில்லை. அறைகளைப் பெட்டி பெட்டியாக, தனித்தனியாகக் கட்டலாம். இருபத்து நாலு மணி நேரமும் குளிரும் ஈரப்பதமும் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டியவை இரண்டு அறைகள் மட்டும், தாளுக்கும் துணிக்கும் இரவல் வாங்கிவரும் படத்துக்கும். அவற்றை லாரி பேக்கர் என்ற கட்டடக்கலைஞரின் பாணியில் செங்கலைச் செங்குத்தாக வைத்து நடுவில் காற்று இடைவெளி விட்டுக் கட்டினால் சிமெண்டும் செங்கலும் மிச்சம், சூடும் குறையும். இது திருவனந்தபுரத்தில் பல வருஷமாக நின்று காட்டுகிற முறை, நம் கொத்தனார்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் இரண்டு நாளில் கை வந்துவிடும். கல், மண், இரும்புச் சிற்பத்துக்கு மின்விசிறி ஓடுகிற அறை போதும். வீடியோ போன்றவற்றுக்கு ஓர் இருட்டறை. மின்சாரக் கட்டணம் கட்ட முடியாமல் மொத்தக் கட்டடத்தையும் மூடிப்போடும் நிலைமை இதில் வராது.

வெளிச்சத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எங்கள் பாடப் புத்தகங்களில் ஓவியக்கூடத்துக்கு வடக்கு வெளிச்சம் சிறந்தது என்று படித்தோம், வடக்கில் சன்னல் வைத்தால் நேர்வெயில் வராது என்று. அது ஐரோப்பாவுக்குச் சரி. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது டிகிரிகூட இல்லை. சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பாதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஆனி மாதம் காலையிலும் சாயங்காலமும் வடக்குச் சுவரில் வெயில் சரிந்து விழுவதை யார் வீட்டிலும் பார்க்கலாம். வேறு எங்கோ வரைந்த படத்தை அப்படியே இங்கே கட்டினால் நாலரை மாதம் படத்தின் மேல் வெயில் விழும். பந்தல் இருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. எந்தத் திசையில் சன்னல் வைத்தாலும் வருவது நிழலின் வெளிச்சம்.

ஆட்கள் வருவதற்கும் இதுதான் வழி. நெல்லையப்பர் சன்னதியிலிருந்து காந்திமதி அம்மன் சன்னதிக்குப் போகிறவர்கள் சங்கிலி மண்டபத்தின் வழியாக நடக்கிறார்கள். 1647இல் வடமலையப்பப் பிள்ளையன் கட்டினது. அந்த மண்டபத்தைப் பார்ப்பதற்கென்று யாரும் கிளம்பி வருவதில்லை. ஆனால் தினமும் எத்தனையோ பேர் அதன் தூண்களைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள், சிறுவர்கள் தூணைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். அருங்காட்சியகப் பந்தலும் நூலகத்துக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில் அப்படிக் குறுக்கே விழ வேண்டும். வேதியியல் படிக்கிற பிள்ளை, வெயிலுக்குப் பயந்து அந்த வழியாகப் போகட்டும். ஒரு நாள் சிற்பத்தின் முன்னால் ஒரு நிமிஷம் நிற்கட்டும். டிக்கெட் எடுத்து வா என்றால் அந்தப் பிள்ளை நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட வராது.

இதற்கும் குறை உண்டு, மறைக்க மாட்டேன். ஆனி ஆடிக் காற்று நம் ஊரில் விளையாட்டுச் சமாசாரம் இல்லை. கயத்தாறு பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதே அதை நம்பித்தான். அகலமான கூரையைக் கீழிருந்து தூக்கப் பார்க்கும். அஸ்திவாரமும் இரும்பு இணைப்புகளும் அந்த இழுப்புக்குக் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும், இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. அந்தக் காற்றோடு புழுதியும் வரும். மேற்கே ஒரு கனத்த கருங்கல் சுவர், அதற்கு வெளியே பனையும் வேம்புமாக மூன்று வரிசை மரம் வேண்டும். உத்தரங்களில் புறா குடியேறும். ஷீட் போட்டால் ஐப்பசி மழையில் பேச்சே கேட்காது. அதனால் கூரை இரண்டு அடுக்காக, நடுவில் சத்தம் உறிஞ்சுகிற பொருளோடு அமைய வேண்டும். இதெல்லாம் செலவுதான். ஆனாலும் தெரிந்த செலவு, நம் ஊர் வெல்டரும் கொத்தனாரும் சரிசெய்யக்கூடிய செலவு.

பார்க்க ஆலை ஷெட் மாதிரி இருந்துவிடும் என்று ஒரு நண்பர் வருத்தப்படுகிறார். அவர் பயம் நியாயமானது. அக்கறையில்லாமல் செய்தால் அப்படித்தான் முடியும். அதனால்தான் வேஷத்துக்குப் போகிற பணத்தைக் கைவேலைக்குத் திருப்பச் சொல்கிறேன். பெட்டி அறைகளின் வெளிச்சுவரைக் காருக்குறிச்சி மண்பாண்டக்காரர்கள் சுட்டுத் தரும் ஓட்டுச் சில்லுகளால் மூடலாம். தரைக்கு நம் பக்கத்துக் கருங்கல். பந்தலின் உள்பக்கத்து வெளிச்சம் காலை, மதியம், சாயங்காலம் மாறிக்கொண்டே இருக்கும்படி துளைகளை அமைக்கலாம். புன்னை மரத்தடியில் உட்கார்ந்தவனுக்கு மேலே பார்க்கத் தோன்றுமே, அந்த மாதிரி. வைஸ்மனிடமிருந்து நேரான சுவரையும், பிராட்டிடமிருந்து சாலையைப் பார்த்த இடத்தையும், வளவு வீட்டிலிருந்து தார்சா, பட்டாசல் என்ற வரிசையையும் எடுத்துக்கொண்டால் பந்தலுக்குக் கீழே எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. பணம் குறைவாக வந்தால் முதலில் பந்தலையும் இரண்டு அறைகளையும் மட்டும் கட்டலாம். மீதி அறைகளைப் பத்து வருஷம் கழித்துக்கூடச் சேர்க்கலாம், அதுவரை அந்த இடத்தில் கூத்தும் சிற்பப் பட்டறையும் நடக்கட்டும். மற்ற வழிகளில் பாதியில் நின்ற கட்டடம் பாதியில் நின்ற கட்டடமாகவே கிடக்கும்.

ஒரு வேலையை மட்டும் பணம் வரும்வரை காத்திராமல் இப்போதே தொடங்கலாம். வளாகத்தில் பூட்டிக்கிடக்கிற அறை இரண்டைக் கேட்டு வாங்கி, ஒன்று மேற்கு பார்த்தது, ஒன்று மரநிழலில் இருப்பது, இரண்டிலும் வெப்பமும் ஈரப்பதமும் பதிகிற சின்னக் கருவி ஒன்றை வைத்துவிட வேண்டும். இயற்பியல் துறைப் பிள்ளைகள் வாரம் ஒருமுறை போய் எழுதிக்கொண்டு வந்தால் போதும். சித்திரையில் தொடங்கினால் ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும் கடந்து, பங்குனி முடிவதற்குள் ஒரு வருஷத்துக் கணக்கு கையில் இருக்கும். எந்த வடிவமைப்பாளர் வந்தாலும் முதலில் அந்தத் தாளைத்தான் அவர் முன்னால் வைக்க வேண்டும்.